ஒரே ஒரு குறை சொல்லுங்க

அருள்மொழியின் கண்ணில் படுவதெல்லாம் குறைதான். பட்டதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் மாவு விற்கிறவர், ஜவுளிக்கடைக்காரர், அயர்ன் பண்ணுகிறவர் எல்லோரும் அவளை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். மாவு புளித்திருந்தால் பாத்திரத்தோடு திரும்பி வருவாள். புடவையில் ஒரு இழை விட்டிருந்தால் கடைவாசல் வெயிலில் பிடித்துக் காட்டுவாள். "இந்த வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் தூக்கிக்கிட்டுப் போயிருக்கும்" என்பான் அவள் புருஷன் எழிலன். அதற்கும் அவள் ஒரு பதில் வைத்திருப்பாள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, இனி என்ன என்று யோசித்து, எம்.ஏ. கல்வியியல் சேர்ந்தாள். கடைசி செமஸ்டரில் ஒரு கல்லூரிக்குப் போய் வேலை பழக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். சிதம்பரத்துக்கு வெளியே ஒரு கலைக் கல்லூரி கிடைத்தது. எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கிற வெப்சைட்டுகளும் வீடியோக்களும் நெட்டில் மலைபோல் குவிந்து கிடக்கின்றன அல்லவா? நோட்ஸ் எடுப்பது எப்படி, நேரத்தைப் பிரித்துக்கொள்வது எப்படி, பரீட்சை பயத்தை விரட்டுவது எப்படி என்று. அவற்றைப் பார்த்து எது தேறும், எது தேறாது என்று சொல்வதுதான் வேலை. தேறுகிற ஒன்றை, ஜூன் மாதம் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அத்தனை பேரும் கட்டாயம் பார்த்து முடிக்க வேண்டும்.

குறை கண்டுபிடிக்க ஒரு வேலை! "உனக்குன்னே ஒருத்தன் ஒக்காந்து யோசிச்சி வச்சிருக்கான் பாரு" என்று எழிலன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து திட்டு வாங்கிக் கொடுத்த குணத்துக்கு முதல்முறையாக ஒரு மரியாதை.

முதல் வாரங்களில் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒரு வெப்சைட், ஜன்னலோரம் மேஜை போட்டு அதில் ஒரு சின்னப் பூந்தொட்டி வைக்கச் சொன்னது. பூந்தொட்டி வைத்தால் கெமிஸ்ட்ரி ஏறிவிடுமா? இன்னொன்றில் ஒருவன் கலர் கலராகப் பேனா எடுத்துக் கோடு போட்டுக்கொண்டே இருந்தான், கடைசிவரை ஒரு வார்த்தை படிக்கவில்லை. ஒன்று தமிழில்தான் இருந்தது, ஆனால் பிறந்த குழந்தை முதல் சாகிற கிழவன் வரை எந்தத் தமிழனும் பேசாத தமிழ். எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டி எழுதி, கல்லூரியில் அவளைக் கவனித்துக்கொண்ட சத்யப்பிரியா மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சத்யப்பிரியா மேடம் குரலே உயராதவர். பொறுமையாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க அருள்மொழி. ஆனா இதெல்லாம் உங்க அபிப்பிராயம். பாக்கப்போறது பிள்ளைங்க. அவுங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதிட்டு வாங்க."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலிலேயே ஒரு காரியம் செய்தாள். ஒரு மத்தியானம் காலி வகுப்பறையில் போனை நிறுத்தி வைத்து, தானே ஒரு வீடியோ எடுத்தாள். முகம் தெரியாது, கரும்பலகை, சாக்பீஸ் பிடித்த கை, குரல். இத்தனை பேர் உளறுகிறார்களே, உருப்படியாக எப்படிச் சொல்வது என்று காட்டிவிட வேண்டும் அவளுக்கு. பெயர் போடாமல் அதையும் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிற பட்டியலின் கடைசியில் சேர்த்துவிட்டாள்.

முதலாமாண்டுப் பிள்ளைகளை லேபில் உட்காரவைத்து, தினம் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள்.

"எப்பிடிம்மா இருந்துச்சி?"

"சூப்பர்க்கா."

"எது சூப்பர்?"

"எல்லாமே சூப்பர்க்கா."

"புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுக்கா."

"என்ன புரிஞ்சிது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருந்துச்சிக்கா" என்றது ஒரு குரல்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை ஸ்டார் என்று போடச் சொன்னாள். யார் போட்டது என்று தெரியாது, பயப்படாதீர்கள் என்றும் சொன்னாள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். பூந்தொட்டிக்கும் ஐந்து, கலர் பேனாவுக்கும் ஐந்து. ஒரு நாள் வைஃபை வராமல் கடைசிவரை சுற்றிக்கொண்டே இருந்து, திறக்கவே திறக்காமல் போன வெப்சைட்டுக்கும் ஐந்து. அதைப் பார்த்ததும் அருள்மொழிக்கு ரத்தம் தலைக்கேறியது. முன் வரிசையில் இருந்த இசைவாணியைப் பிடித்துக்கொண்டாள். பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் பெண், எப்போதும் சிரித்த முகம்.

"இது ஓப்பனே ஆவலயேம்மா! அதுக்கு எப்பிடி அஞ்சு?"

இசைவாணி கொஞ்சம் யோசித்தாள். "ஓப்பன் ஆயிருந்தா நல்லாதான்க்கா இருந்திருக்கும்."

அருள்மொழி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரே ஒரு குறை சொல்லுங்க. உங்கள கும்புட்டுக் கேக்கறேன்."

இசைவாணியின் பக்கத்தில் இருந்த காயத்ரி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நீங்க டீ குடிச்சீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியில் எழிலனின் மாமா கலியமூர்த்தி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் சாம்பார் அடிப்பிடித்த வாடை ஆளைத் தூக்கியது. கை கழுவுகிற இடத்தில் மாமா நின்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். "பிரமாதம் மாமா", "ஒரு கொறையும் இல்ல மச்சான்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அருள்மொழி முறை வந்தது. "சாம்பார் அடிப்புடிச்சிடுச்சி மாமா" என்றாள். அவர் முகம் தொங்கிப்போனது. எழிலன் கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும் பஸ்ஸில், பிரமாதம் என்று சொன்ன அத்தனை வாயும் திறந்தது. சாம்பாரில் ஆரம்பித்து வாழை இலையின் கிழிசல் வரை போனார்கள்.

"இத அங்கயே சொல்றதுக்கு என்னா?" என்று சீறினாள் அருள்மொழி.

"அங்கயே சொன்னா அவரு மனசு கஷ்டப்படாதா?" என்றான் எழிலன். "கைய கழுவிட்டு வெளிய வந்துதான் பேசணும். அதான் மரியாத." உலகமே சேர்ந்து தன்னைப் பைத்தியம் பிடிக்க வைக்கப் பார்க்கிறது என்று தோன்றியது அவளுக்கு.

திங்கட்கிழமை சத்யப்பிரியா மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "எல்லாமே ஒரே மாதிரிதான் மார்க் வாங்கியிருக்கு. அப்ப கடைசில இருக்கற தமிழ் வீடியோவையே வச்சிக்கலாமே. யாரோடது அது?" அருள்மொழி தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். ஜூனிலிருந்து புதுப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பது என்று வகுப்பு நடத்த ஒரு வருஷத் தற்காலிக வேலை இருக்கிறதாம். வீடியோ எடுத்தவளே இருக்கும்போது வெளியில் ஏன் தேட வேண்டும்? "நாளைக்கு பிரின்சிபால் கிட்ட பேசிடறேன்" என்றார்.

வேலை. சொந்தக் கையில் சம்பளம். சாயங்காலம் பஸ்ஸ்டாண்டுக்கு வந்தபோது அவளுக்குக் கால் தரையில் படவில்லை. பிள்ளைகள் ஐந்து போட்டதில் மற்றதெல்லாம் பொய்யாக இருக்கலாம், தன்னுடையது மட்டும் நிஜம் என்று மனசு சுலபமாகக் கணக்குப் போட்டுக்கொண்டது. கடலூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து, காற்றுக்குத் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டாள்.

பஸ் ஊரைத் தாண்டியதும் பின் சீட்டில் பேச்சு கேட்டது. இசைவாணியும் காயத்ரியும். முட்லூரில் இறங்கி பரங்கிப்பேட்டைக்கு வேறு பஸ் பிடிக்கிறவர்கள்.

"அந்தப் பூந்தொட்டி வெப்சைட்டு பாத்தியா? எங்க ஊட்ல மேஜ வச்சா நாங்க வெளிய படுக்கணும்."

"கலர் பேனா போட்டுச்சே ஒண்ணு, அதுல நான் நல்லா தூங்குனேன்டி. இங்கிலீஷு அவ்ளோ ஸ்பீடு."

அருள்மொழிக்குக் காது விடைத்துக்கொண்டது. அடிப்பாவிகளா, இவ்வளவையும் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? பையிலிருந்து போனை எடுத்துப் பரபரவென்று குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் தங்கம். அவளுக்கே தோன்றாததையெல்லாம் அந்தப் பெண்கள் போகிற போக்கில் சொன்னார்கள்.

"கடைசியா ஒண்ணு பாத்தமே, போர்டுல எழுதிக்கிட்டே திட்டுமே."

"ஐயோ, அதப் பத்திப் பேசாத. பாவம்."

"இல்லடி, மொத வார்த்தையே போன தூக்கி வெளிய போடுன்னு. நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்ஆப்லதான் இருக்கு. போன வெளிய போட்டுட்டு எதப் படிக்கிறது? இருக்கறதுலயே அதான் ஜாஸ்தி மோசம். திட்டு வாங்கறதுக்கு ஊட்லயே ஆளு இருக்கு."

அருள்மொழியின் விரல் நின்றுவிட்டது. போன் வெளிச்சம் அணைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு துப்பட்டாவை விலக்கித் திரும்பினாள்.

இரண்டு பெண்களும் செத்துப்போனார்கள்.

"இத ஏன் லேப்ல சொல்லல?" கத்த நினைத்தாள், குரல் பாதிதான் வந்தது.

காயத்ரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இசைவாணிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, அது உங்க குரல்னு போட்ட ஒடனே தெரிஞ்சிடுச்சிக்கா."

"தெரிஞ்சா?"

"ஒங்களுக்கு மட்டும் கம்மியா போட்டா, புடிக்கலன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிடும். மத்ததுக்குக் கம்மியா போட்டு ஒங்களுக்கு மட்டும் அஞ்சு போட்டா, குரல் தெரிஞ்சிதான் போட்டோம்னு தெரிஞ்சிடும். அதான் க்ளாஸ் க்ரூப்ல பேசி எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டோம்." நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தாள். "நீங்க எங்களுக்காக அவ்ளோ கஷ்டப்பட்டீங்கக்கா."

ஒரு வகுப்பே சேர்ந்து அவள் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவளோ அவர்களைப் பொய் சொல்கிறவர்கள் என்று தினமும் திட்டியிருக்கிறாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது முதலில் என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் வீட்டு ஆட்களை விட்டால் தன் முகத்துக்கு நேராக ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. மாவுக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் சொந்தக்காரர்களும் எந்தெந்த பஸ்ஸில் என்னென்ன பேசினார்களோ!

"முட்லூர் எறங்கு" என்றார் கண்டக்டர். பெண்கள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று எழுந்தார்கள். கடலூர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அருள்மொழியும் பின்னால் இறங்கினாள். பஸ் போய்விட்டது. இதை எழுதி நாளைக்கு மேடத்திடம் கொடுத்தால் ஜூன் மாத வேலை அதோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்காவிட்டால், வரப்போகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வீடியோவில் அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, சூப்பர்க்கா என்று சிரிப்பார்கள்.

பூட்டியிருந்த ஒரு கடை ஓரமாக நின்று போனை மறுபடி எடுத்தாள்.

"சொல்லு. என்னோடதுல இன்னும் என்னா கொற?"

இசைவாணி காயத்ரியைப் பார்த்தாள். "கோவிச்சிக்க மாட்டீங்களேக்கா?"

"கோவிச்சிக்குவேன்" என்றாள் அருள்மொழி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ சொல்லு."