இருபத்து நான்காம் ஆணி

வினிகரில் நனைத்த செய்தித்தாளால் இருபத்து மூன்றாவது படத்தின் கண்ணாடியைத் துடைத்து முடித்ததும், எமில் பாவ்லிக் இடது கையைக் காற்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொள்கிறார். பிறகு கட்டைவிரலை நீட்டி, பக்கத்தில் ஒன்றுமே மாட்டாமல் சுவரில் நிற்கும் ஆணியின் தலைமேல் வைக்கிறார். வாய்க்குள் ஐந்து வரை எண்ணுகிறார். "சில்லுன்னு இருக்கு. எல்லாரும் நல்லா இருக்காங்க," என்று சுவரிடம் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்கிறார். மார்டென்பர்க் பொது நூலகத்தின் இரண்டாம் மாடி நடைவழியில் பத்தொன்பது வருடமாகத் தினமும் காலையில் இதுதான் நடக்கிறது.

அறுபத்தெட்டு வயது. குட்டையான உருவம், அகலத் தோள். நூலகத்தின் காவல், துப்புரவு, குழாய் ரிப்பேர், படம் மாட்டுதல் எல்லாம் அவர் பொறுப்பு. தலையில் எப்போதும் பேரிங் தொழிற்சாலைக் காலத்துச் சாம்பல் நிறத் தொப்பி. வியர்வை ஊறி ஊறி அதன் விளிம்பு தோல் மாதிரி இறுகிவிட்டது. கோயிலில் பாதிரியார் அதைக் கழற்றும்படி சாடையாகச் சொல்லிப் பார்த்தார். மேயர் வந்த விழாவில் காதோடு காதாகவும் சொல்லிப் பார்த்தார்கள். எமில் அசையவில்லை. "இதைக் கழட்டுறது ஒரே ஒரு தடவைதான். அப்ப நானே கழட்ட மாட்டேன், சவப்பொட்டிக்காரன் கழட்டுவான்," என்பார்.

சுவரில் தொங்குகிறவர்கள் எங்கள் ஊர் பெற்றெடுத்த பெரியவர்கள். மேடையில் குதிரையை மறைய வைத்த மாயவித்தைக்காரர் அகஸ்டஸ் டில், ஜாம் பாட்டிலுக்கு வழுக்காத மூடி கண்டுபிடித்த வில்ஹெமினா பாக், பதினோரு பற்களை இழந்தும் விழாமல் நின்ற குத்துச்சண்டைக்காரர் கோர்க்கா. ஒரு துருவப் பயணியும் உண்டு. ரயில் மாறுவதற்காக எங்கள் ஸ்டேஷனில் இறங்கிய அவருடைய அம்மா, காத்திருப்பு அறையிலேயே அவரைப் பெற்றுவிட்டு, நான்கு மணி நேரத்தில் அடுத்த வண்டியைப் பிடித்துப் போய்விட்டாள். அதனால் என்ன? பிறந்தது இங்கேதானே! லட்சம் பேர் வாழ்ந்து, ஸ்பிரிங்கும் பேரிங்கும் பாட்டிலும் செய்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய ஊர், நாலு மணி நேரத்துப் பிள்ளையைக்கூட விட்டுக்கொடுக்காது.

சுவரில் ஏற இரண்டு தகுதி வேண்டும். ஒன்று, இந்த ஊரிலிருந்து கிளம்பிப் பேர் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு, செத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் உயிரோடிருந்த ஒரு மேயரைப் படமாக்கி மாட்டி, எட்டே மாதத்தில் அவர் சிறைக்குப் போக, படத்தை முதுகுப்பக்கம் திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. செத்தவன் மானத்தை வாங்க மாட்டான் என்று ஊர் அன்றைக்கு முடிவு செய்தது. இன்னொரு வழக்கமும் அப்போதே வந்தது. சுவர் கெட்டிச் செங்கல். துளை போட்டால் மாடி முழுக்கத் தூசி. அதனால் ஒரு படம் மாட்டும் நாளிலேயே அடுத்ததற்கும் துளை போட்டு ஆணி அடித்துவிடுவார்கள். இருபத்து மூன்று படம், இருபத்து நான்கு ஆணி.

சோம்பேறித்தனத்தில் பிறந்த வழக்கம்தான். ஆனால் அந்த வெற்று ஆணியைத் தாண்டிப் போகிறவர்கள் எதிர்ச்சுவரை ஒட்டித்தான் போகிறார்கள். எமில் வருடத்துக்கு ஒருமுறை தரைக்கு மெழுகு போடுகிறார். எல்லா இடத்திலும் பளபளப்பு தேய்ந்துபோகிறது, ஆணிக்குக் கீழே மட்டும் போட்டது போட்டபடி கிடக்கிறது. யார் வீட்டுப் பெண்ணாவது வயலினில் பரிசு வாங்கினால், "பார்த்துடி, ஆணி உன்னைப் பார்த்துடப் போகுது," என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள். பெற்றவள் சிரிப்பதில்லை.

எமிலின் கட்டைவிரல் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருடம் பேரிங் தொழிற்சாலையில் சோதனை மேடையில் நின்றவர். ஓடுகிற பேரிங்கின் மேல் விரலை வைத்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். "சூடு ஏறுதுன்னா உள்ள ஏதோ சாகப் போகுதுன்னு அர்த்தம். சத்தம் அப்புறம்தான் வரும்," என்பார். தொழிற்சாலை மூடியபோது எல்லாரும் கருவிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். எமில் விரலை மட்டும் கொண்டுவந்தார்.

நூலக வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஆணி சுட்டது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நடைவழியில் மூச்சு விட்டால் புகை. இவர் விரலின் கீழே மட்டும், யாரோ இப்போதுதான் கையிலிருந்து வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு வெதுவெதுப்பு. மறுநாள் மதியம் டிராம்போன் கலைஞர் ஓரின் டெல்மாஸ் சிகாகோவில் இறந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஐந்து தடவை. ஆணி சுட்ட பிறகு சாவுச் செய்தி வர மூன்று நாளுக்கு மேல் ஒருபோதும் போனதில்லை.

இதை அவர் ஒருத்தியிடம்தான் சொன்னார். கீழ்த்தளத்தில் ஊர் வரலாற்று அறையைக் கவனிக்கும் வெர்னா ஸ்ட்ராட். கறாரான பெண்மணி. பெரியவர்களின் படத்துக்குக் கீழே வைக்கும் அட்டையைத் தட்டச்சில் அடிப்பது அவள்தான்: பெயர், பிறந்த தெரு, எதற்காகப் பேர்போனவர் என்று மூன்று வரி. இன்னும் உயிரோடிருக்கும் பெரியவர்களின் அட்டைகள் அவளுடைய பச்சை இழுப்பறையில் காத்திருக்கும். இழுப்பறைக்குள் வரவே, யார் பெரியவர் என்று முடிவு செய்யும் ஊர் விழாக்குழு தீர்மானம் போட வேண்டும்.

"பின்னாடி நீராவிக் குழாய் போகுது எமில், அதான் சூடு," என்றாள் வெர்னா.

"குழாய் எதிர்ச் சுவத்துல போகுதும்மா. போட்டவனே நான்தான்."

அவளும் மாடியேறிப் போய் விரலை வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்தது. "ஒண்ணுமில்ல. பைத்தியக்காரத்தனம்," என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தாள். ஆனால் அடுத்த முறை எமில் வெளிறிய முகத்தோடு படியிறங்கியபோது, அவள் ஒன்றும் கேட்காமல் மறுநாள் வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு மேசையைக் காலி செய்தாள். நம்பிக்கை இல்லையாம்!

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எமிலுக்கு ஒரே பெண், லிடா. மனைவி போன பிறகு தனியாக வளர்த்த பெண். பதினெட்டு வயதில் நியூயார்க்குக்குப் போனவள், இருபத்திரண்டு வருடமாக ஒரே மதிய நேரத் தொடரில் நடிக்கிறாள். நாற்பத்தைந்து வயது. அந்தத் தொடரில் அவள் மூன்று முறை செத்திருக்கிறாள்: பாலத்திலிருந்து கார் விழுந்து ஒருமுறை, நாத்தனார் விஷம் வைத்து ஒருமுறை, விமான விபத்தில் ஒருமுறை. மூன்று முறையும் திரும்பி வந்துவிட்டாள். விஷம் குடித்த வாரம் எங்கள் தெருக்காரர்கள் வழக்கம் மாறாமல் எமில் வீட்டுக்குச் சாவுச் சாப்பாடு கொண்டுபோனார்கள். "செத்தது யாரோ, கோஸ் ரோல் எனக்கு. மூணு நாள் தின்னேன்," என்று எமில் இன்றைக்கும் பீற்றிக்கொள்வார்.

அப்படிப்பட்ட பெண்ணின் அட்டை பச்சை இழுப்பறையில் இல்லை என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருடம் விழாக்குழுவுக்குக் கடிதம் எழுதினார். தலைவர் ஒரு பல் மருத்துவர், ஹார்லன் ஸ்டம்ஃப்.

"சீரியல்ல அழறதெல்லாம் ஒரு சாதனையா எமில்?"

"உங்க கிளினிக்குல வந்து அழறவங்களைவிட நல்லா அழுவா டாக்டர்."

கடைசியில் பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை குழு தலையாட்டியது. எமில் கசகசா ரொட்டி சுருட்டி எடுத்துவந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார். வெர்னா அட்டை அடித்து இழுப்பறையில் வைத்தாள். வைக்கும்போது, "உங்களுக்கு நிஜமாவே இது வேணுமா?" என்று ஒருமுறை கேட்டாள். பெருமை காதை அடைத்திருந்தது. அவர் காதில் விழவில்லை.

அதே வாரம் வியாழக்கிழமை காலை ஆணி சுட்டது.

அன்றைக்கு அவர் ஐந்து எண்ணவில்லை. பத்து, இருபது என்று எண்ணிக்கொண்டே நின்றார். வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் கீழே வந்து, "வெர்னா, இழுப்பறையில யார் யார் இருக்கா, சொல்லு," என்றார். அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்றே பேர். ராக்கெட் எஞ்சினியர் வால்டோ பெங்ஸ்டன், தொண்ணூற்று நாலு, அரிசோனாவில். பேஸ்பால் ஆட்டக்காரர் டெல்பர்ட் குயின், எண்பத்தெட்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில். மூன்றாவது லிடா.

எமில் வெர்னாவின் தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார். இன்னொருவன் சாகிறானா என்று ஆசையோடு விசாரிப்பது எவ்வளவு கேவலம்! அது அவருக்குத் தெரியாமலில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது.

அரிசோனாவில் எடுத்தவர் எஞ்சினியரேதான். "யாரு? மார்டென்பர்க்கா? ஓ, ஆணிக்காரனா! இன்னும் சாகலைய்யா! காலையில ரெண்டு முட்டை தின்னுட்டு நடந்துட்டு வந்தேன். வை போனை!"

முதியோர் இல்லத்தில் ஒரு செவிலி எடுத்தாள். "டெல்பர்ட் தாத்தாவா? அவருக்கென்ன. நேத்து சீட்டாட்டத்துல ஏமாத்தி மாட்டிக்கிட்டாரு. இப்ப என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாரு. பேசறீங்களா?"

"வேண்டாம்மா," என்றார் எமில்.

மூன்றாவது எண்ணைச் சுற்ற அவருக்கு நேரம் பிடித்தது. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"அப்பா! என்ன இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"சும்மாதான் கண்ணு. உடம்பு எப்படி இருக்கு?"

"யார் சொன்னா உனக்கு?"

"எதை?"

"ஒண்ணுமில்லப்பா. கழுத்துல ஒரு கட்டி. சனிக்கிழமை எடுக்கறாங்க. முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், நீ பயந்துக்குவேன்னு." பிறகு சிரித்தாள். தொடரில் ஊரே கேட்ட சிரிப்பு. "நான் எத்தனை தடவை செத்துப் பிழைச்சவ! எனக்கென்ன ஆகும்?"

எமில் ஆணியைப் பற்றி மூச்சு விடவில்லை. "தைரியமா இரு கண்ணு," என்று மட்டும் சொல்லி வைத்தார். வியாழன், வெள்ளி, சனி. அவர் விரல் விட்டு எண்ணியதை வெர்னா பார்த்தாள்.

குழுத் தீர்மானம் இல்லாமல் ஓர் அட்டையை இடம் மாற்றக்கூட விடாத வெர்னா, எழுந்து இழுப்பறையைத் திறந்து, லிடாவின் அட்டையை எடுத்து நாலாகக் கிழித்தாள். துண்டுகளைக் கூடையில் போட்டாள். "போய்ப் பாருங்க," என்றாள்.

எமில் போனார். இரண்டு மாடி ஏறி, ஆணியின் மேல் விரலை வைத்தார். முன்பைவிடச் சூடாக இருந்தது.

கருவி அறையிலிருந்து குறடு எடுத்துவந்து ஆணியைக் கவ்வினார். கவ்வியபடியே நின்றார். தலைக்கு மேலே, பக்கவாட்டில், மாயவித்தைக்காரரும் மூடிக்காரியும் கோர்க்காவும் வழக்கம்போல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரை அவரே கையால் மாட்டியிருக்கிறார். ஆறு தடவையும் மூன்றடி பின்னால் போய், இடது கண்ணை மூடிக்கொண்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். வேறு யாரோ பெற்ற பிள்ளைகள் என்பதால் கை நடுங்கியதில்லை. குறடு விலகியது. பிடுங்காமல் கீழே இறங்கினார்.

"பிடுங்கிட்டீங்களா?" என்றாள் வெர்னா.

"ஆணியைப் பிடுங்கினா ஓட்டை இருக்குமே." நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "புது அட்டை ஒண்ணு எடும்மா. பேர், எமில் பாவ்லிக். தெரு, கோசூத் தெரு."

அவள் கை தட்டச்சுப் பொறிக்குப் போகவில்லை. "வேண்டாம் எமில். நீங்க என்ன பண்றீங்கன்னு புரியுது. குழு ஒத்துக்காது."

"குழுவை யாரு கேட்டா? கேக்கறது மேல் மாடியில இருக்கு."

"இந்த ஊரை விட்டுப் போய்ப் பேர் வாங்கினவங்களுக்குத்தான் அந்தச் சுவர். நீங்க ஆத்தைத் தாண்டினதே நாலு தடவை."

"அதனாலதான் சொல்றேன். அவ போனவ. திரும்பி வர வேண்டியவ. நான் இங்கயேதானே இருக்கேன், எடுத்துக்கறதுக்குக் கிட்ட." தட்டச்சுப் பொறியை அவள் பக்கம் நகர்த்தினார். "அட்டையை அடி, வெர்னா."

அவள் பெயரை அடித்தாள். தெருவை அடித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கறாரான பெண்மணி, வரி காலியாக இருந்தால் அவளிடமிருந்து அட்டை வெளியே வராது. "எதுக்காகப் பேர்போனவர்னு போடறது?"

"லிடாவோட அப்பான்னு போடு."

மதியச் சங்கு ஊதியபோது நடைவழி முழுக்க வெயில் விழுந்திருந்தது. எமில் எதிர்ச்சுவரை ஒட்டாமல், நடுவிலும் நடக்காமல், மெழுகு தேயாத அந்தப் பளபளப்பின் மேலேயே நடந்து போனார். வெர்னா பின்னாலேயே வந்து மாடிப்படி முனையில் நின்றுகொண்டாள். அவர் தொப்பியைக் கழற்றினார். நெற்றிக்கு மேலே, வெயிலே படாத தலை, குழந்தையின் தலை மாதிரி வெளுத்திருந்தது. அட்டையைத் தொப்பியின் உள்விளிம்பில் செருகி, தொப்பியை ஆணியில் மாட்டினார். மூன்றடி பின்னால் போய், இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. திரும்பப் போய், ஒற்றை விரலால் அதை நேராக்கினார்.