இடது கதவில் இரண்டு ஸ்பீக்கர்

எங்கள் பழைய வேனின் பின்பக்கம் படுக்கை அடித்திருந்தோம். விடுமுறைதோறும் ஊரப்பாக்கத்திலிருந்து அதில் கிளம்புவோம். வழியெல்லாம் மனைவி வாக்மேனில் பாட்டு கேட்பாள். வலது காது கேட்காது என்பதால், அந்தப் பக்கம் ஒலிக்கும் வாத்தியங்கள் அவளுக்குத் தெரியாமலே போய்விடும்.

பம்மல் பட்டறையில் வேனுக்கு சிடி பிளேயர் பொருத்தியபோது, இரு பக்க ஒலியையும் சேர்த்து அவள் உட்காரும் இடது பக்கக் கதவிலேயே கொடுக்கச் சொன்னேன்.

"இன்னா சார், ஸ்டீரியோ வாங்கிகினு ஒரே பக்கம் வெக்க சொல்றீங்க? பாட்டே கெட்டுடும்!" என்றார் மெக்கானிக்.

"கெடட்டும். வைங்க."

படப்பை தாண்டியதும் அவளுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்று வந்தது. சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, இதுல வயலின் இருக்கா?"

வண்டியை ஓரமாக நிறுத்தி, முதலிலிருந்து போட்டேன். அன்று வேறு பாட்டே போடவில்லை.