கயிறக்கா போட்ட வேண்டாத முடிச்சு

அலுவலகத்தில் அவளுக்குக் கயிறக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கயிறக்கா. வேலைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவதுதான் அவள் பிழைப்பு. பழைய வீடுகளை இடித்து மாற்றிக் கட்டித் தரும் சின்ன நிறுவனம் அது. கொத்தனார், தச்சர், மின்சாரக்காரர், பெயின்டர், தரை போடுகிறவர் என்று ஒரு பட்டாளமே உண்டு. யார் முதலில், யார் பிறகு என்பதை இணையத்தில் ஓடும் ஒரு திட்ட மென்பொருளில் அவள் போட்டுவைப்பாள். திரையில் ஒவ்வொரு வேலையும் ஒரு பட்டை. ஒரு பட்டையின் வாலிலிருந்து இன்னொன்றின் தலைக்குக் கோடு இழுத்துவிட்டால், முன்னது முடியாமல் பின்னது தொடங்காது. முன்னது முடிந்ததும் அடுத்தவர் போனில் பச்சை எரியும். பச்சை வராமல் அங்கே ஒருவரும் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்.

அந்தக் கட்டுப்பாடு சும்மா வந்துவிடவில்லை. அவள் சேர்ந்த புதிதில் எல்லாம் வாய்ப்பேச்சில்தான் நடந்தது. ஒரு தடவை பெயின்டர் பார்த்துப் பார்த்து அடித்து முடித்த சுவரை, மறுநாளே மின்சாரக்காரர் வந்து ஒயர் விடுவதற்காக உளி வைத்துக் கொத்தினார். இருவரும் கட்டிப் புரளாத குறை. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் முதலாளி இந்த மென்பொருளை வாங்கி, "இனிமே யாரு எதுக்குக் காத்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று அவள் தலையில் கட்டினார். அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். புதிதாக வந்தவர்கள் கண்டபடி கோடு இழுத்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏன் காத்திருக்கணும்னு காரணம் சொல்ல முடியலைன்னா கோடு போடாதே. வேலை செய்ய வந்தவரைச் சும்மா உக்கார வைக்கிறது பாவம்" என்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

மற்றபடி பேச்சு அவளுக்கு வராத சங்கதி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, நடந்த வேகத்தில் முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி அவள் சொன்னதில்லை, கேட்கிற துணிச்சலும் யாருக்கும் இல்லை. அன்றிலிருந்து அம்மாவும் அவளும் மட்டும்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, துணி காயப்போட ஒரு கம்பி. காலையில் "கதவைப் பூட்டிக்கோம்மா", மாலையில் "சாப்பிட்டியா", இவ்வளவுதான் இருவருக்கும் இடையில் போக்குவரத்து. அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவளிடமிருந்து ஒரு பதிலை வாங்குவதற்குள் டீ ஆறிப்போகும். ஆனால் வீட்டுக்குள் இன்னொரு ஆள் நடமாடுகிற சத்தம் இருந்தது. அந்தச் சத்தத்துக்காகத்தான் பஸ்ஸில் இடிபட்டு, ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்கிறோம் என்பது அவளுக்கே தெரியாமல் இருந்தது, தம்பி வந்து பேசும்வரை.

"அக்கா, அம்மாவுக்கு முழங்கால் இப்படி இருக்கு. மூணு மாடி எப்படி ஏறி இறங்குவாங்க? எங்க வீட்டுல கார் நிக்கற இடத்தை ஒரு அறையா மாத்திடறேன். படியே கிடையாது. நீயும் எத்தனை வருஷம்தான் ஒத்தையா பார்த்துப்ப?"

நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "அம்மா இஷ்டம்" என்றாள் அவள். "அவளுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்றாள் அம்மா. யாருமே முடிவெடுக்காமல் முடிவு ஆகிவிட்டது. போதாததற்கு அந்த வேலையைத் தம்பி அவளுடைய நிறுவனத்துக்கே கொடுத்தான். "அக்கா கையில இருந்தா முடிஞ்ச மாதிரி" என்று பெருமை வேறு.

தன் அம்மாவைத் தன்னிடமிருந்து கூட்டிப்போகிற வேலைக்குத் தானே திட்டம் போட உட்கார்ந்தாள். சுவர், கூரை, குழாய், ஒயர், தரை, கதவு, பிடித்து நடக்கச் சுவரோரம் ஒரு கம்பி. கடைசிப் பட்டைக்கு 'அறை ஒப்படைப்பு' என்று எழுதினாள். ஒவ்வொன்றையும் முறையாகக் கட்டி முடித்ததும், ஒப்படைக்கும் தேதி கூப்பிடு தூரத்தில் வந்து நின்றது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பது மழை விட்ட பிறகுதான். அதை நியாயமாகவே தனியாக, எதோடும் சேர்க்காமல் விட்டிருந்தாள். இப்போது அந்த வெளிச்சுவரின் வாலைப் பிடித்து, உள்ளே தரை போடுகிற வேலையின் தலையில் ஒரு கோடு இழுத்தாள். அவ்வளவுதான். தரை நகர்ந்தது, அதன் பின்னாலேயே கதவு, கம்பி, ஒப்படைப்பு எல்லாம் ஆட்டு மந்தை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து மழைக்கு அந்தப் பக்கம் போய் நின்றன. வெளிச்சுவர்ப் பெயின்டுக்கும் உள்ளே போடும் தரைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

கேட்டவர் தரைக்காரர் ஒருவர்தான். "அக்கா, உள்ள எல்லாம் ரெடியா கிடக்கு. எனக்கு ஏன் பச்சை வரல? வெளிச்சுவர் முடியணும்னு காட்டுதே?"

"காரணம் இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

"நீங்க சொன்னா சரிதாங்கா" என்று அவர் போனை வைத்துவிட்டார். அவர் நம்பியதுதான் சுருக்கென்று தைத்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் உண்மை தானாக வெளியே வந்திருக்கும். முதலாளி கேட்கவே இல்லை, கயிறக்கா கட்டினால் காரணம் இல்லாமலா இருக்கும்! தம்பி கேட்டபோது "மழை" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். மழையும் அவள் பேச்சைக் காப்பாற்றுவது போல விடாமல் கொட்டியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சந்தோஷமாக நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரங்களில் சீக்கிரமே கிளம்பி வந்தாள். அம்மாவோடு உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று மனசு அடித்துக்கொண்டது. பேசலாம் என்று நினைப்பாள். அடுத்த பட்டாணியை எடுத்து உரிப்பாள். கட்டிலுக்கு அடியில் அம்மாவின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அம்மா அதிலிருந்தே துணியை எடுத்து உடுத்தினாள், துவைத்து மடித்து அதிலேயே திரும்ப வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையிலிருந்த பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா சொன்னாள்: "அவன் வீட்டுல ஏதோ பேச்சு நடந்திருக்கு."

"என்ன பேச்சு?"

"நான் வர்றது மருமகளுக்குப் பிடிக்கலையோ என்னவோ. மழை மழைன்னு சாக்குச் சொல்றான். வீட்டுக்குள்ள போடற தரையை மழை என்ன பண்ணும்? நான் என்ன பச்சைக் குழந்தையா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"போன்லகூட இப்பல்லாம் நான் அதிகம் பேசறதில்ல. வேண்டாம்னு நினைக்கிறவங்க வாசல்ல போய் நிக்கக் கூடாது, பாரு."

நான்தான் என்று சொன்னால் அம்மா ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை வருஷமாக அவளுக்கு நாக்கு எழவில்லை. தான் தனியாகிவிடுவோம் என்கிற பயத்தில், பெற்றவளைப் பிள்ளை ஒதுக்கிவிட்டான் என்று நினைக்க வைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்தக் கோட்டை அழித்தாள். 'இணைப்பை நீக்கவா?' என்று மென்பொருள் கேட்டது. நீக்கு என்றாள். தள்ளிப்போன பட்டைகள் எல்லாம் ஒரே நொடியில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. பக்கத்து மேசைப் பையன் எட்டிப் பார்த்து, "அட, அக்காவே தப்பா கோடு போட்டுட்டீங்களா?" என்று சிரித்தான். "ஆமா, தப்புதான்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. தரை போட்டார்கள், கதவு வந்தது. ஜன்னல் திரைக்கு என்ன நிறம் வேண்டும் என்று மருமகளே போன் செய்து, "அத்தை, நீங்க சொன்னாத்தான் வாங்குவேன்" என்று அடம் பிடித்தாள். அம்மாவின் முகம் தெளிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆற்றாமையாகவும் இருந்தது.

புறப்படுகிற அன்று தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிப்போனான். அம்மா ஒவ்வொரு படியாக இறங்கி, முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

"இனிமே உனக்கு நிம்மதி. அரக்கப்பரக்க ஓடி வர வேண்டாம்" என்றாள்.

"எனக்கென்னம்மா நிம்மதி?" என்றாள் அவள். பிறகு எப்படியோ வந்துவிட்டது. "தரையை நிறுத்தி வெச்சது நான்தாம்மா. தம்பி ஒண்ணும் பண்ணல."

"நீயா? ஏன்?"

"நீ போயிடுவியேன்னு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அன்னைக்கு அவன் வந்து கேட்டப்போ, 'இரும்மா'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பார்த்துட்டே இருந்தேன்டி. அம்மா இஷ்டம்னுட்ட. உனக்கு என்னால சலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன்."

"இப்போ சொல்றேன். இரும்மா. போகாதே."

கீழேயிருந்து தம்பி, "மெதுவா வாங்கம்மா, அவசரமில்ல" என்று குரல் கொடுத்தான். அம்மா தலையைத் தூக்கி, இறங்கி வந்த படிகளைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"இனிமே ஏற முடியாதுடி" என்றாள். "கால் விடாது."

அவள் தோளில் கை ஊன்றி, அம்மா அடுத்த படியில் காலை வைத்தாள். மீதிப் படிகளை இருவரும் முடிந்த மட்டும் மெதுவாக இறங்கினார்கள்.