மூன்றாம் கூப்பாடு

பதாசியா முதல் பல்லை உடைத்தது ஒன்பது வயதில். பல் அவளுடையதல்ல. கங்கையின் அக்கரை மணலில் அவள் அம்மா போட்டிருந்த வெள்ளரிப் பாத்தியை ஒரு தடியன் மிதித்துக்கொண்டு போனான். ஏனென்று கேட்ட அம்மாவை அறைந்தான். படகில் தண்ணீர் இறைக்கும் தகரக் குவளையால் அவன் வாயிலேயே ஒன்று போட்டாள் பதாசியா. அன்றிலிருந்து காசிப் படகுக்காரர்கள் அவளுக்குப் பெண் கேட்டு வரவே பயந்தார்கள்.

பயப்படாமல் வந்தவன் இம்லி கட்டம் என்ற படித்துறையைச் சேர்ந்த ஜோக்கு. கல்யாணமான மூன்றாம் நாளே இருவருக்கும் அடிதடி. அவன் ஒன்று கொடுத்தால் இவள் இரண்டு கொடுப்பாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அப்படி ஒரு ஜோடி!

குளிர்காலம் வந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளைப் பறவைகள் எங்கிருந்தோ வந்து ஆற்றை நிறைக்கும். அவற்றுக்குச் சேவு வீசவென்றே சனம் படகேறும். மத்தியானம் சவாரி ஓய்ந்ததும் இவர்கள் அக்கரை மணலுக்குப் போய்விடுவார்கள். வறட்டித் தணலில் லிட்டி மாவுருண்டையும் கத்திரிக்காயும் சுட்டு, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, முதுகில் வெயில் படக் கிடப்பார்கள். அதைவிடப் பெரிய சுகத்தை அவள் கண்டதில்லை, கேட்டதுமில்லை.

அந்தச் சுகம் போன குளிர்காலத்தோடு முடிந்தது. பக்கத்துக் கட்டத்துப் படியில் நின்ற இரண்டு பேரை ஜோக்கு அவசரத்தில் தன் படகில் ஏற்றிவிட்டான். ஒரு கட்டத்துச் சவாரியை இன்னொரு கட்டத்தான் தொடக்கூடாது. அந்தக் கட்டத்துக்காரன் ஒருவன் பின்னாலிருந்து துடுப்பால் மண்டையில் அடித்தான். ஜோக்கு வீட்டுக்குப் பிணமாக வந்தான். காரியம் முடிந்த மறுநாள் பதாசியா ஜோக்குவின் துடுப்போடு போய், அடித்தவனின் இரண்டு கையையும் முறித்துவிட்டு வந்தாள். அதன்பிறகு ஜோக்குவின் பழைய ஸ்வெட்டரைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு தானே படகு ஓட்டினாள்.

வாயைத் திறக்க யாருக்கும் தைரியமில்லை, கொழுந்தன் சர்ஜுவைத் தவிர. சொந்தப் படகைக் குடித்தே அழித்தவன் அவன்.

"அண்ணி, பூஸ் மாசம் வருது. கூப்பாட்டுக்கு யாரு பதில் சொல்லுவா? உனக்கு ரெண்டும் பொட்டப்புள்ள."

"நான் சொல்றேன்."

"பொம்பள குரல சௌத்ரி எடுத்துக்க மாட்டாரு. பேசாம என் கையால வளையல் போட்டுக்க. அண்ணன் படகும் எனக்கு, அண்ணன் பொண்டாட்டியும் எனக்கு."

அடுப்பிலிருந்த கொள்ளியை எடுத்து அவன் மேல் வீசினாள். மீசையில் பாதி கருகியது.

"மிச்ச மீசைய அந்தக் கூப்பாட்டன்னிக்கு எடுக்கறேன்டா, நாயே!"

கூப்பாடு என்பது வருஷத்துக்கு ஒரு தரம், மார்கழிக் குளிரில் வரும் பூஸ் மாதத்தின் முதல் விடியலில். கட்டத்துப் பெரியவர் மங்கரு சௌத்ரி படியில் நின்று இருபத்திரண்டு வீட்டின் பெயரையும் வரிசையாக மூன்று சுற்றுக் கூப்பிடுவார். படகின் மூக்கு படியைத் தொட்டிருக்க வேண்டும். படகிலிருந்து அந்த வீட்டு ரத்தத்தில் ஒரு ஆம்பளை, வந்திருப்பதாக "ஹாஜிர்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று சுற்றிலும் பதில் இல்லையென்றால் அந்த வீட்டின் சவாரி முறை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். ஜோக்குவின் பங்காளி சர்ஜு ஒருவன்தான். முறை போனால் பதாசியாவும் பிள்ளைகளும் தெருவில்தான்.

அன்று விடியலில் பனி கையை நீட்டினால் கை தெரியாதபடி இறங்கியிருந்தது. பதாசியா படிக்கு வந்தாள். கயிறு அறுந்து தொங்கியது, படகைக் காணோம். அழவா செய்தாள்? காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு முனகல் உண்டு. அவள் படகில் துடுப்பு மாட்டும் இடது முளை கன்றுக்குட்டி மாதிரிக் கத்தும். அது நடு ஆற்றில் கேட்டது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள்.

நீந்திப் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தபோது மேலே சர்ஜு நின்றான். அண்ணனின் துடுப்பை ஓங்கி அவள் விரல்கள்மேல் இறக்கினான். இரண்டு விரல் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

தண்ணீரில் இருப்பவன் பகையாளி இல்லை என்பது படகோட்டும் மல்லாக்களின் சட்டம். எவ்வளவு வெட்டுப்பகை இருந்தாலும் தண்ணீரில் இருப்பவனை அடிக்கக்கூடாது, கைகொடுத்துத் தூக்க வேண்டும். கரை தட்டும்வரை அவன் மேல் கை ஓங்கக்கூடாது. அதைச் சர்ஜு மீறினான். இரண்டாம் அடிக்குத் துடுப்பு இறங்கியபோது அவள் மறுகையால் அதைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். அவன் தலைகுப்புற ஆற்றில் விழுந்தான். அவள் படகில் ஏறினாள்.

படியிலிருந்து முதல் சுற்று கேட்டது. "ஜோக்கு வீடு!"

படகுக்காரனுக்கு நீச்சல் தெரியாதா என்பீர்கள். தெரியும். ஆனால் சர்ஜு போட்டிருந்தது பஞ்சுக் கோட்டு. அது தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிட்டது. குளிரில் கால் வேறு இழுத்துக்கொண்டது. தலை ஒரு தரம் வந்தது, மறுபடி முங்கியது.

பதாசியாவின் கையில் துடுப்பு இருந்தது, எதிரே படி இருந்தது. அவன் செத்தால் முறையைப் பறிக்க அவளுக்குப் பங்காளியே இல்லை. ஒரு நொடி, ஒரே நொடி, நினைத்தாள். பிறகு வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக்கொண்டே குனிந்து, அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் படகுக்குள் போட்டாள்.

"ஜோக்கு வீடு!" இரண்டாம் சுற்று.

முறிந்த விரல்களோடு படகை வலித்தாள். துடுப்பு ரத்தத்தில் வழுக்கியது. சர்ஜு குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு, பல் தந்தியடிக்க எழுந்து உட்கார்ந்தான். அவள் படும் பாட்டைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலி அண்ணி, நல்லா வலி. போய்ச் சேர்ந்து என்ன பண்ணுவ? நான் வாயத் தொறக்க மாட்டேன். இது தண்ணி. உன்னால என்னைத் தொட முடியாது."

"ஆமாண்டா, இது தண்ணிதான்" என்றாள் அவள்.

மூன்றாம் சுற்று தொடங்கிவிட்டது. பெயர்கள் ஒவ்வொன்றாக வர, ஒவ்வொரு படகிலிருந்தும் "ஹாஜிர்" எழுந்தது. பனிக்குள் படியின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"ஜோக்கு வீடு!"

சௌத்ரி பீடியை ஒரு இழுப்பு இழுக்கும்வரை பொறுப்பார், அவ்வளவுதான். புகையை வெளியே விட்டு அடுத்த பெயருக்கு அவர் வாயைத் திறந்தபோது படகின் மூக்கு படியில் மோதியது.

ஆறு கடக்கிறவரைதானே அண்ணன் தம்பி! பதாசியா எழுந்தாள். துடுப்பைச் சுழற்றி, சர்ஜுவின் முழங்காலில் ஜோக்குவுக்கும் சேர்த்து ஒன்று வைத்தாள்.

"ஐயோ அம்மா!"

அந்த அலறலில் ஆற்றில் தூங்கிய பறவையெல்லாம் எழுந்து பறந்தன.

"யார் குரல் அது?" என்றார் சௌத்ரி.

"எங்க வீட்டு ஆம்பள குரல்தான், சௌத்ரி. சரியா விழலைன்னா இன்னொரு தரம் கேக்கறீங்களா?" துடுப்பு மறுபடி மேலே போனது.

"ஹாஜிர்! ஹாஜிர்! ஜோக்கு வீடு ஹாஜிர்!" என்று சர்ஜு தொண்டை கிழியக் கத்தினான்.

சௌத்ரி அவள் விரல்களைப் பார்த்தார். நீரில் ஊறிய சர்ஜுவைப் பார்த்தார். விசாரிக்க ஒன்றுமில்லை, அவரும் மல்லாதான்.

"போதும்மா, அக்கரைக்கே கேட்டுச்சு. ஜோக்கு வீட்டு முறை ஜோக்கு வீட்டுக்குத்தான்." அடுத்த பெயரைக் கூப்பிடப் போய்விட்டார்.

பதாசியா படகில் உட்கார்ந்தாள். ஜோக்கு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அதை நினைத்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, விரல் வலியும் வந்தது. ஸ்வெட்டரின் கையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெயில் ஏறிப் பனி விலகியது. சேவுப் பொட்டலங்களோடு ஒரு குடும்பம் படியிறங்கி வந்தது.

"பறவைக்குப் போடணும். படகு வருமாம்மா?"

"வரும், ஏறுங்க" என்றாள். கிழிந்த துணியால் விரல்களைக் கட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். சர்ஜு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூலையில் முனகிக்கொண்டிருந்தான்.

"நீ இறங்குடா."