கியர் கறகறத்தால்

ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னலில் என் கார் கியர் விழாமல் கறகறத்தது. மற்றவர்கள் கிளட்ச்சைச் சந்தேகப்படுவார்கள். நானோ பின்னால் அத்தனை பேர் ஹாரன் அடிக்க, என் இடது தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் அப்பாவின் பழைய காரும் இப்படித்தான் கறகறத்தது. டில்லிக் குளிரில் கியர் ஆயில் இறுகிவிட்டது என்றார், மாற்றினார். பிறகு கிளட்ச் கேபிள், அப்புறம் கிளட்ச் பிளேட். சத்தம் போகவில்லை. பின்சீட்டிலிருந்து நானும் கூடவே கறகறவென்று கத்துவேன். "எனக்கு ரெண்டு கியர்பாக்ஸ்" என்று சிரிப்பார்.

கடைசியில் ஜங்புரா மெக்கானிக் எங்களை உட்காரவைத்துத் தானே ஓட்டிப் பார்த்தார். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

"காடி டீக் ஹை, சாப். வண்டி நல்லாத்தான் இருக்கு. கிளட்ச்சை முழுசா மிதிங்க."

"முழுசாத்தானே மிதிக்கிறேன்," என்றார் அப்பா.

அம்மா அவர் காலையே பார்த்தாள். "என்னங்க, கொஞ்ச நாளா அந்த இடது செருப்பு மட்டும் ஏன் கழண்டுக்கிட்டே இருக்கு?"

அப்பா குனிந்து செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். "வீடு வரைக்கும் நீயே ஓட்டுப்பா," என்றார் மெக்கானிக்கிடம்.

அடுத்த குளிருக்குள் அவருடைய இரண்டு கால்களும் செயலிழந்துபோயின. அதற்கடுத்த குளிரை அவர் பார்க்கவில்லை.

இன்று என் வண்டியையும் ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார். அவர் மிதித்தபோதும் கறகறத்தது. "கிளட்ச் பிளேட் கதம், சாப், தேஞ்சே போச்சு," என்றார் வருத்தத்தோடு. கிரீஸ் சட்டையோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.