உடுமலையிலிருந்து ஒரு கேன் நைட்ரஜன்

தென்னை ஓலையை அரைத்தால் என்ன வரும் என்று அந்த நாட்களில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லியிருப்பேன், காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கூழ் வரும் என்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தேன். ஓலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். அதை வைத்து இது நெட்டை ரகம், இது குட்டை ரகம், இது இரண்டும் கலந்த வீரிய ரகம் என்று நாற்றாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். திட்டமெல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தது. டிஎன்ஏ மட்டும் வரவில்லை.

எங்கள் பேராசிரியர் அப்போதுதான் வெளிநாட்டில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். கையில் ஜெராக்ஸ் எடுத்த சில பக்கங்கள். புதிய முறை என்று அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். முதல் வரியே, இலையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடியாக்கவும் என்று இருந்தது. உப்பு தேவையான அளவு என்பதைப் போல அதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எங்கள் கூடத்தில் திரவ நைட்ரஜனை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஐஸ் கட்டியில் கல்லுப்பைப் போட்டு ஓலையைப் புதைத்துப் பார்த்தேன். கூழ்தான். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஓலையை விறைக்க வைத்து, அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து மிக்ஸியில் போட்டேன். நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்தது. அம்மா திரும்பி வந்து ஜாரைத் தூக்கி முகர்ந்து பார்த்தார்.

"தேங்காயைப் போட்டிருந்தா சட்னியாவது ஆகியிருக்கும்" என்றார். மறுநாளிலிருந்து மிக்ஸி ஜார் பீரோவுக்குள் இருந்தது.

ஒரு காலையில் பேராசிரியர் உற்சாகமாக வந்தார். என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"மாட்டுக்கு சினை ஊசி போடறாங்கல்லம்மா... அதுக்கான சரக்கை எதுல போட்டு வெக்கறாங்க, தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"திரவ நைட்ரஜன். ஊர் ஊருக்குப் போய்ட்டிருக்குது. நாமதான் இல்லைன்னு உக்காந்திருக்கோம்."

உடுமலைப்பேட்டைப் பக்கம் கால்நடைத் துறை டிப்போ ஒன்றில் பேசி வைத்திருந்தார். ஆராய்ச்சிக்கூடத்து ஜீப் வொர்க்‌ஷாப்பில் கிடந்ததால் நான் பஸ்ஸில் போவது என்று முடிவானது. எங்கிருந்தோ ஒரு பழைய கேனை இரவல் வாங்கித் தந்தார். அலுமினியத்தில் செய்தது. வயிறு பெருத்து, கழுத்து குறுகி, பாத்திரக்கடைக் குடத்துக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்தது.

டிப்போவில் நிரப்பிக் கொடுத்தவர், "மூடியை இறுக்கிப் போடாதீங்க. ஆவி வெளிய போய்ட்டே இருக்கோணும். அடைச்சா வெடிச்சுப் போடும்" என்றார். பஸ் ஏறப் போகிற ஒருத்தியிடம் சொல்வதற்கு அது அவ்வளவு ஆறுதலான விஷயமில்லை.

பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூர் போகிற பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து கேனை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டேன். கழுத்திலிருந்து வெள்ளைப் புகை மெல்ல இறங்கி செருப்பு மேல் பரவியது. பக்கத்தில் ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். மடியில் காய்கறிப் பை. கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கேனைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இது சினை ஊசிக் கேன்தானுங்க?"

"அதே கேன்தானுங்க. ஆனா மாட்டுக்கில்லீங்க."

"பின்ன?"

"தென்னைக்குங்க."

அவர் முன்சீட்டுக்காரரின் தோளைத் தொட்டு, "கேட்டீங்களா, தென்னைக்கும் ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்களாமா" என்றார். செய்தி சீட் சீட்டாக முன்னால் நகர்ந்தது. நான் திருத்துவதற்குள் அது டிரைவரைத் தாண்டியிருந்தது. முன்னாலிருந்து ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்து நடந்து வந்து என் எதிரே நின்றார்.

"நம்ம தோப்புல குரும்பை பிஞ்சுலயே கொட்டுதுங்க. வழிதானுங்க, எறங்கி ஒரு ஊசி போட்டுட்டுப் போயிருங்க."

டிஎன்ஏவைப் பற்றி அவருக்கு விளக்கினேன். ஓடுகிற பஸ்ஸில், இன்ஜின் சத்தத்துக்கு மேலே. முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, உங்களுக்கு எப்ப தோதோ அப்ப வாங்க" என்று சொல்லிப் போய் உட்கார்ந்தார்.

பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்கு முன்பே பஸ் ஒரு பக்கமாக இழுத்து நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது, அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார். உச்சி வெயில். இரவல் கேனின் கழுத்தில் பனி பூக்க ஆரம்பித்திருந்தது. பழைய கேன் என்பதால் உள்ளே குளிர் தங்கவில்லை, சரக்கு வேகமாக ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கேனைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நின்றேன்.

"இப்பிடி வேகாத வெயில்ல நிக்காட்டி என்ன? நம்ம ஊடு அதா தெரியுதுங்க. நெழல்ல வெச்சுக்கலாம், வாங்க" என்று கேனின் ஒரு காதைப் பிடித்துவிட்டார் அந்த அம்மா.

வீட்டின் முன்னால் வேப்பமரம். அதன் நிழலில் கேனை வைத்தோம். கட்டுத்தறியில் ஒரு பசு நிற்க மாட்டாமல் கத்திக்கொண்டிருந்தது. சினைப் பருவத்துக்கு வந்து காலையிலிருந்து இப்படித்தான், ஊசிக்குச் சொல்லிவிட்டுத்தான் உடுமலை போனதாகச் சொன்னார். அதனால்தான் கேன் அவர் கண்ணில் முதலில் பட்டிருக்கிறது.

மோர் குடித்தபடியே நான் ஒரு வேடிக்கை காட்டினேன். டம்ளரில் கொஞ்சம் நைட்ரஜனை ஊற்றி, செம்பருத்தி இலை ஒன்றை அதில் முக்கி எடுத்துத் திண்ணையில் தட்டினேன். அப்பளம் போல நொறுங்கியது. அந்த அம்மா சிறு பெண்ணைப் போலச் சிரித்தார். அடுத்து பூவைப் பறித்து வந்தார். அதற்கடுத்து ஒரு வெண்டைக்காய். தென்னை ஓலையையும் இப்படித்தான் பொடிக்க வேண்டும், அப்புறம் நாற்றிலேயே ரகத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"நாத்துலயேவுங்களா?"

"சொல்லணும்னுதானுங்க முயற்சி பண்ணறோம்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோப்பைக் காட்டினார். வீரிய ரகம் என்று யாரோ தலையில் கட்டிய நாற்றுகளாம். அவரும் அவர் வீட்டுக்காரரும் வருடக்கணக்கில் தண்ணி பாய்ச்சிய பிறகுதான் எல்லாம் சாதா மரம் என்று தெரிந்ததாம். "காய்க்கறப்பத்தானுங்க தெரிஞ்சுது. வெட்டவும் மனசு வல்லீங்க. சீக்கிரமாக் கண்டுபுடிங்க அம்மணி" என்றார். என் ஆராய்ச்சி எதற்கு என்று பேராசிரியர் எழுதியிருந்த முன்னுரையைப் பலமுறை படித்திருக்கிறேன். அது எனக்கு உறைத்தது அந்தத் தோப்பைப் பார்த்தபோதுதான்.

கால்நடை ஆய்வாளர் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து சேர்ந்தார். பின்னால் சின்னக் கேன். அதைத் திறந்து ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். குச்சியின் நுனியில் மட்டும் லேசாகப் பனி படிந்திருந்தது, நைட்ரஜன் அந்த அளவுக்குத்தான் மிச்சம். முகம் மாறியது. டிப்போவுக்குப் போக நேரமில்லாமல் காலையிலிருந்து ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் கேன் காய்ந்துவிடும், உள்ளே சினைச் சரக்கு அடைத்து வைத்திருக்கிற ஸ்ட்ரா அத்தனையும் வீண் என்றார். சொல்லிக்கொண்டே வேப்பமரத்தடியைப் பார்த்தார்.

"அது யாரு கேனுங்க?"

"தென்னைக்கு ஊசி போடற அம்மணியோடதுங்க" என்றார் அந்த அம்மா.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்கவே கூச்சப்பட்டார். எனக்கோ கொடுக்க மனசில்லை, கொடுக்காமலிருக்கவும் மனசில்லை. பசு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் இருவரும் சேர்ந்து கேனைச் சாய்த்தோம். வாசல் முழுக்க வெண்புகை பரவியது. கோழிகள் சுவரேறி ஓடின. பாதி அவருக்கு, பாதி எனக்கு. அவர் பசுவுக்கு ஊசி போட்டு முடித்தார். அது சினை பிடித்ததா என்று எனக்குத் தெரியாது.

"அடுத்த பஸ்ஸை நம்பாதீங்க. வாங்க, பொள்ளாச்சில எறக்கி உட்டர்றேன்" என்றார் ஆய்வாளர். ஒரு டிவிஎஸ் ஃபிப்டியில் இரண்டு பேர், இரண்டு கேன். பெரியதை நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பொள்ளாச்சி ரோட்டில் எதிரே வந்தவர்களெல்லாம் வண்டி தீப்பிடித்துவிட்டது என்று கையைக் காட்டினார்கள். முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தோம். அப்புறம் நாங்களும் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம்.

ஆராய்ச்சிக்கூடம் வந்தபோது பேராசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். கேனை ஆட்டிப் பார்த்து, "ஏம்மா, பாதிதான் இருக்குது?" என்றார்.

"மீதி ஒரு மாட்டுக்குக் குடுத்துட்டேன் சார்."

மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருப்பது ஆவியாவதற்குள் வேலையைத் தொடங்கினோம். பீங்கான் உரலில் நைட்ரஜனை ஊற்றியதும் அது கிரீச்சிட்டது. ஓலைத் துண்டுகளைப் போட்டு இடித்தேன். மருதாணிப் பொடி போல, நார் ஒன்றுகூட இல்லாமல் உதிர்ந்தது. சூடான கரைசலில் போட்டு, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, குளிர்ந்த ஆல்கஹாலை அதன் மேல் மெதுவாக விட்டேன். குழாயை ஒருமுறை சாய்த்தேன். இரண்டு திரவங்களும் சேரும் இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று சுருண்டு எழுந்தது. பஞ்சிலிருந்து பிரிந்த ஒற்றை இழை மாதிரி டிஎன்ஏ.

குழாயை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். அசைத்தால் கரைந்துவிடும் என்று பயம். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

மறுநாள் மதியம் மின்சாரம் பாய்ச்சி அதை ஜெல்லில் ஓட்டினோம். இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. டிஎன்ஏ அறுந்து சிதறாமல் வந்திருக்கிறது என்று சொல்கிற, நேரான கோடு. கண்ணைக் காக்கிற முகமூடி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகவே வரிசையில்தான் பார்க்க வேண்டியிருந்தது. பேராசிரியர் பார்த்தார், மற்ற மாணவர்கள் பார்த்தார்கள், பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் வந்தார்கள், ஆபீஸ் டைப்பிஸ்ட் வந்தார், கேன்டீன்காரர் டீத் தட்டை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"ஒரு கோடுதானுங்களா?" என்றார் அவர், முகமூடியைக் கழற்றிக் கொடுத்தபடி.

"ஒரு கோடுதானுங்க" என்றேன். எனக்குப் பின்னாலிருந்தவர் முகமூடிக்குக் கை நீட்டினார். நான் இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அதை மாட்டிக்கொண்டேன்.