தைத்த நாக்கில் ஓர் எழுத்து

தாடை உடைந்து, பற்கள் கம்பியால் பூட்டப்பட்டு, இதை வாசித்துக்கொண்டிருக்கும் நண்பரே, உங்களை என் சாட்சியாக அழைக்கிறேன். குறுக்கே பேச முடியாத சாட்சி எனக்கு வாய்ப்பது அரிது. என்மீது விழுந்த அடியைக் கேளுங்கள். அதற்கு முன் நான் அடித்த அடியையும் கேளுங்கள்.

பகலில் பம்பாய்ச் செம்பூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு. மாலையில் தாராவியில் எங்கள் தமிழ் மன்றத்தின் மேடை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. என் ழகரத்தைக் கேட்கவே மாட்டுங்காவிலிருந்து ஆட்கள் நடந்து வருகிறார்கள் என்று மனமார நம்பினேன்.

அந்தப் பொங்கல் விழாவில், தோல் பதனிடும் கொட்டடியில் வேலைபார்க்கும் சுடலைமுத்து அண்ணன் தாமே கட்டிய பாட்டைப் பாடினார். "ஏளு ஊரு தாண்டி வந்தும் எங்க மொளி வாளுதடி." கூட்டம் கையால் தாளம் போட்டது. எங்கள் திருநெல்வேலிச் சனத்தின் வாயில் ழகரம் ளகரமாகத்தான் உருளும். தலைமை நாற்காலியில் இருந்த நான் எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடுங்கினேன். மொழியின் பெயரையே கொலை செய்கிறவர் அதன் புகழைப் பாடலாமா என்று கேட்டேன். மொழி என்று மூன்று முறை சொல்லச் சொன்னேன். மூன்று முறையும் மொளி என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் பாட்டை முடிக்காமல் இறங்கிப்போனார். நான் கைதட்டலை வாங்கிக்கொண்டு அமர்ந்தேன்.

சில வாரங்களில், தென்னாட்டார் வெளியேற வேண்டும் என்று மராத்திக் கும்பல்கள் கிளம்பின; பம்பாயில் எங்களவர் கடைகளின் பலகைகள் உடையத் தொடங்கின. ஒருநாள் பிற்பகல் கிங்ஸ் சர்க்கிளில் சிக்கிக்கொண்டேன். பஸ் இல்லை. ஓட்டல் ஒன்றின் சாம்பார் அண்டாவைத் தெருவில் கவிழ்த்திருந்தார்கள். வெந்துபோன கால்களுடன் சர்வர் ஒருவர் அதன் நடுவில் நின்று அலறிக்கொண்டிருந்தார்.

அங்கே என்னைத் தேடி வந்தவர் சுடலை அண்ணன். எங்கள் வீட்டு வரிசையில் சரளமாக மராத்தி பேசுகிறவர் அவர் ஒருவரே என்பதால் என் அக்காள் பேச்சியம்மாள் அனுப்பியிருந்தாள். என் மணிக்கட்டைப் பற்றினார். "எம் பின்னால வா. என்ன நடந்தாலும் வாயத் தொறக்காத" என்றார்.

தாராவிக்குத் திரும்பும் வழியில் எட்டுப் பேர் மறித்தார்கள். இரும்புத் தடிகள், சைக்கிள் சங்கிலிகள், சோடாப் புட்டிகள். அண்ணன் மராத்தியில் பேசினார். மராத்தியிலும் ளகரம் உண்டு. அவர் நாக்கில் அது ஒருமுறைகூடப் பிசகவில்லை. என்னைக் காட்டி, என் தம்பி, பிறவி ஊமை என்றார். ஒருவன் என் கன்னத்தைக் கிள்ளி, "யண்டு குண்டு" என்று நம் மொழியைப் பழித்துக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு வழிவிட்டார்கள்.

சாட்சியே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வழிவிட்டார்கள்.

பத்தடி நடந்திருப்போம். பின்னாலிருந்து மறுபடியும் "யண்டு குண்டு" வந்தது. நான் திரும்பினேன். மேடையில் உயர்த்துவதுபோல வலக்கையை உயர்த்தினேன். எந்தப் பாட்டை நடுவில் அறுத்தேனோ அதையே முழுக் குரலில் பாடினேன்: "ஏழு ஊரு தாண்டி வந்தும் எங்க மொழி வாழுதடி." மூன்று ழகரங்களும் அப்பழுக்கின்றி விழுந்தன.

முதல் தடி இடத் தாடையில் இறங்கியது. முறுக்கைக் கடிக்கும்போது காதுக்குள் கேட்குமே, அந்த ஓசைதான் கேட்டது. நாக்கு பற்களுக்கிடையே அகப்பட்டது. இரண்டாவது அடி முகவாயில். தரையில் என் பல் ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். அண்ணன் என்மேல் கவிழ்ந்து படுத்தார். அவருடைய வலக்காதின்மேல் சோடாப் புட்டி வெடித்தது.

மாண்டிபிள் (கீழ்த்தாடை எலும்பு) இரண்டிடத்தில் முறிந்திருந்தது. நாக்கில் ஏழு தையல். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றாகக் கம்பியால் இறுக்கிப் பூட்டினார்கள். ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும். கம்பியை முறுக்கிய டாக்டர் அம்மாள் மராத்திக்காரர். விரல்கள் மென்மையானவை. அவற்றைக் கடித்துத் துண்டாக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னைப் பூட்டியதே அந்த விரல்கள்தாம் என்பதால் முடியவில்லை. அவரிடம் இன்றும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

வாய் பூட்டப்பட்ட உங்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பி வெட்டும் குறடு ஒன்றைத் தலைமாட்டிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். வாந்தி வந்தால் அது வெளியேற வழியில்லை, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். எனக்கு வந்தது. அக்காள் ஊற்றிய கஞ்சி நெஞ்சிலிருந்து எகிறி மூக்கு வழியாகப் பீய்ச்சியது. அவள் ஒரு கையில் குறடும் மறு கையில் என் முடியுமாக என்னைக் குப்புறக் கவிழ்த்தாள். கம்பியை வெட்டும்முன் மூச்சு வந்துவிட்டது. அதற்குப் பின் அந்தக் குறட்டை அவள் கையெட்டும் இடத்தைவிட்டு நகர்த்தவே இல்லை.

மன்றத்து இளைஞர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அரிவாள் தயாராக இருக்கிறது, ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்கள். நான் எழுதிப் பேசும் சிலேட்டை எடுத்து, "ஒருவனையும் விடாதீர்கள்" என்று எழுதினேன். எழுத்துப்பிழை இல்லை. பக்கத்தில் தலைக்கட்டுடன் அமர்ந்திருந்த அண்ணன் அதை உள்ளங்கையால் துடைத்தார். அவருடைய வலச் செவிப்பறை (ஒலியை வாங்கும் சவ்வு) கிழிந்துபோயிருந்தது. அந்தக் காது இனி கேட்காது என்று சொல்லிவிட்டார்கள். பையன்களைப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ரெண்டு நிமிசம் ஊமையா இருன்னேன். ஒன்னால முடியல. இப்பம் ஆறு வாரம் இரிலே."

சிரிக்க வாய் இல்லை. மூக்கால் அழுதேன்.

அவர் தினமும் ஷிப்ட் முடிந்து வந்தார். அவர் பாட, பூட்டிய பற்களுக்குப் பின்னால் நான் முனகினேன். முனகலில் ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை. மெட்டு மட்டும் இருந்தது. அவரும் சுருதி விலகினார். இடக்காதை என் பக்கம் சாய்த்து, "சரியாப் போகுதா?" என்று கேட்பார். போகவில்லை. நான் ஆமென்று தலையசைப்பேன்.

ஆறாம் வாரம் கம்பியை எடுத்தபோது வாய் ஒரு விரல் அகலமே திறந்தது. வீட்டில் கண்ணாடி முன் அமர்ந்து தமிழ் என்று சொல்லிப் பார்த்தேன். தமிள் என்று வந்தது. நாக்கின் நுனி அண்ணத்தைத் தொடாமல் வளைந்து நின்றால்தான் ழகரம். தைத்த நாக்கு தொட்டுவிடுகிறது. நூறு முறை சொன்னேன். கண்ணாடியைச் சுவரில் அடித்து உடைத்தேன். அக்காள் ஓடிவந்தாள். சொல்லிக் காட்டினேன்.

"செரியாத்தான சொல்லுத? இதுக்கா கண்ணாடிய ஒடச்ச?" என்றாள்.

டாக்டர் அம்மாள் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி, வாரம் ஒரு குச்சி கூட்டச் சொன்னார். இப்போது இரண்டு விரல் அகலம். கீழுதடு மரத்தே கிடக்கிறது. நீர் ஒழுகினால் சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். அதைத் துடைக்கும்போது வேறொருவர் முகத்தைத் துடைப்பதுபோல இருக்கிறது. ஒரு கவளத்தை மென்று விழுங்க ஒரு பாட்டு நேரம் ஆகிறது. முன்பு அந்த நேரத்தில் நான் ஒரு மனிதரைத் தோற்கடித்துவிடுவேன்.

அடுத்த விழாவில், அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லியும் விடாமல் அழைத்துப்போனேன். முன்வரிசையில் அமர்த்திவிட்டு ஒலிவாங்கியின் முன் நின்றேன். "என் தமிள் மக்களே" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார். சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தேன். பிறகு ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கி, அண்ணனின் கேட்கும் காதுப் பக்கமாகப் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அண்ணே, அன்னைக்கு விட்ட எடத்துலருந்து பாடுங்க. சுருதி எங்க போனாலும் முளுசாப் பாடுங்க. என் வாள்நாள் முளுக்க, ஒருத்தர் பாட்டையும் நடுவுல நிறுத்த மாட்டேன்."